கைக்கேற்ற உருண்டை

என் வேலை ஆறு வரைவது. யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். கேட்டவர்கள் என்னை ஓவியர் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள், நானும் திருத்துவதில்லை. உண்மையில் நான் உட்கார்ந்திருப்பது ஒரு வரைபட அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. விமானத்திலிருந்து எடுத்த புகைப்படம் திரையில் இருக்கும். தண்ணீர் முடிந்து மண் தொடங்கும் ஓரத்தை மவுஸால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். புள்ளிகள் சேர்ந்தால் கோடு, கோடு முடிந்தால் ஆறு. பதினான்கு வருடமாக இதுதான் பிழைப்பு.

சலிக்கவில்லையா என்று கேட்பவர்கள் ஒருநாள் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அரைமணி நேரம் போனதும் மேஜை இருக்காது, மின்விசிறிச் சத்தம் இருக்காது. நான் கரையோரமாக நடந்துகொண்டிருப்பேன். ஒரு பக்கம் புல், மறுபக்கம் மெதுவாக நகரும் தண்ணீர். அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் கால் தானாகப் போகும். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேஜைக்காரி தோளைத் தட்டினால், எங்கேயோ இருந்து வருவேன். வாயில் ஈ நுழைந்தாலும் தெரியாது என்று அவள் கேலி செய்வாள். தெரியாதுதான்.

மணிக்கட்டு முதலில் முணுமுணுத்தது. நான் காது கொடுக்கவில்லை. பிறகு தண்ணீர்க் குவளையைத் தூக்கும்போது கத்தியது. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, மவுஸை விடுங்கள், ட்ராக்பால் வாங்குங்கள் என்றார். உருண்டை பதித்த ஒரு கருவி. அது இருந்த இடத்தில் இருக்கும், கையும் இருந்த இடத்தில் இருக்கும், விரல் மட்டும் உருண்டையை உருட்டினால் போதும், திரையில் அம்பு நகரும்.

எங்கள் பிரிவின் தலைவிக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்கேல் மேடம். கோணல் எதையும் அவர் கண் பொறுக்காது. டாக்டர் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு அவர் சொன்னார்.

"ஒரு மாசம் டைம் தரேன். புதுக் கருவியில பழகிக்கங்க. கடைசி நாள் ஒரு சோதனை. நீங்க முன்னாடி வரைஞ்ச ஆத்துலயே ஒரு பகுதியைத் திரும்ப வரையணும். பழைய கோட்டுக்கு மேல புதுக்கோடு உட்காரணும். உட்காரலைன்னா பட்டியல் பிரிவுக்கு மாத்திடுவேன். அங்க தட்டச்சு மட்டும்தான், கைக்கு நல்லது."

பட்டியல் பிரிவில் இருப்பவர்கள் தங்கமானவர்கள். ஊர்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்குகிறார்கள். ஆனால் அங்கே தண்ணீர் கிடையாது. எனக்கு ஆறு வேண்டும். வேறு எதைப் பிடுங்கினாலும் பரவாயில்லை, ஆற்றை மட்டும் பிடுங்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் செருப்புக் கடையில் வேலை செய்கிறார். இருபது வருடமாக முழங்காலிட்டு ஊரார் கால்களை அளந்துகொண்டிருப்பவர். விஷயத்தைச் சொன்னதும், "கையும் ஒரு காலு மாதிரிதானே, நான் பாத்துக்கறேன்" என்றார். மறுநாளே ஒரு பெட்டியோடு வந்தார். அதற்குள் கட்டைவிரலால் உருட்டும் சின்ன ட்ராக்பால். கையை வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் வெளியே தொங்கியது. கட்டைவிரல் குறுகி மடங்கி உருண்டை மேல் உட்கார்ந்தது.

"கொஞ்சம் சின்னதா இருக்கோ?"

"முதல்ல இறுக்கமாத்தான் இருக்கணும். போகப் போக விட்டுக் கொடுக்கும். முதல் நாளே லூசா வாங்கிட்டா அப்புறம் கழண்டு கழண்டு விழும்."

அவர் மனதில் இருந்தது தோல். என் கையில் இருந்தது பிளாஸ்டிக். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் மனிதர் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்திருக்கிறார், முகம் முழுக்கப் பெருமை. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த இரண்டரை வாரமும் ஒரு மாதிரி மயக்கத்தில் போனது. உருண்டை கையை விட்டாலும் கட்டைவிரல் உருண்டையை விடவில்லை. பேருந்து ஜன்னலில் தலை சாய்த்தால் தெரு மெல்ல உருளும், தெருவோர வீட்டு மாடிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து போகும், அதை நான்தான் உருட்டுகிறேன் என்று தோன்றும். சட்டைப் பொத்தான், கதவுக் குமிழ், தக்காளி, கையில் அகப்பட்டதையெல்லாம் விரல் உருட்டிப் பார்த்தது. தினமும் மாலை அவர் கேட்பார், "எப்படி இருக்கு?" தினமும் நான் சொல்வேன், "நல்லா இருக்கு." கட்டைவிரலின் அடிப்பகுதி வீங்கி, சாவியைத் திருப்பக்கூட இடது கையைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

விடுமுறை நாளில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தேன். அவர் கதவோரமாக வெகுநேரம் நின்று பார்த்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

"கடையில இப்படி ஆளுங்க வருவாங்க," என்றார். "சரியா இருக்குன்னு சொல்லுவாங்க. நாலடி நடக்கச் சொன்னா விரலை மடக்கிக்கிட்டு நடப்பாங்க. நீயும் அப்படித்தான் நடக்கற."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பிளாஸ்டிக் எப்படிங்க விட்டுக் கொடுக்கும்?"

அவர் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "மூணாம் நாளே எனக்குப் புரிஞ்சிடுச்சு. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

"நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு நான் சொல்லல."

இரண்டு பேரும் மாறி மாறி மரியாதை பார்த்ததில் போனது என் கட்டைவிரல். வேறு எந்த வீட்டில் இப்படி நடக்கும்? அவர் என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். ஊரார் காலை அத்தனை பக்குவமாகப் பிடிப்பவர் என் கையை இப்படிப் பிடித்துப் பல வருடமாகிறது. பிடித்திருந்தது, வலித்தாலும்.

"இந்தத் தடவை நீயும் வா. ஆனா காலையில வேண்டாம். நாள் பூரா வேலை செஞ்சிட்டுச் சாயங்காலம் போவோம். செருப்பு வாங்கறவங்க சாயங்காலம்தான் வரணும். அப்பதான் கால் வீங்கி உண்மையான அளவுல இருக்கும்."

அப்படியே செய்தோம். சோதனைக்கு இன்னும் பத்து நாள். கணினிச் சாமான் கடை ஒரு குறுகலான மாடிப்படிக்கு மேலே இருந்தது. நீள மேஜையில் ஐந்து ட்ராக்பால்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே திரை. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் விடவில்லை. வியாபாரிக்கு முன்னால் இன்னொரு வியாபாரி நின்றால் யார் வாய் மூடுவார்கள்? பழக்க தோஷத்தில் அவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார, கடைக்காரர் பதறிப்போய் ஸ்டூல் எடுத்து வந்தார்.

"கண்ணை மூடிக்க," என்றார் என் வீட்டுக்காரர். "நிறம், விலை எதையும் பாக்காத. எங்க வலிக்குதுன்னு மட்டும் சொல்லு."

முதலாவதில் கட்டைவிரல். இரண்டாவது செங்குத்தாக நின்றது, அதில் சுண்டுவிரல் ஓரம். மூன்றாவதைத் தொட்டதும் நல்லா இருக்கு என்று வாயில் வந்துவிட்டது.

"அந்த வார்த்தையை இங்க சொல்லாத."

யோசித்தேன். "முழங்கைக்குக் கீழ இழுக்குது."

நான்காவதில் மணிக்கட்டு. ஐந்தாவது தாழ்வாக, அகலமாக இருந்தது. நடுவில் பெரிய உருண்டை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பொத்தான்கள். எல்லா விரலையும் பரப்பி வைக்க இடமிருந்தது. ஆனால் அதிலும் வலித்தது. சும்மா வைத்திருந்தாலே வலித்தது. இந்தக் கைக்கு இனி எதுவும் பொருந்தாது, பட்டியல் பிரிவுதான் என்று அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கண்ணைத் திறக்க மனமில்லை.

மணிக்கட்டுக்கு அடியில் மெத்தை வைக்கலாமா கூடாதா என்று இரண்டு வியாபாரிகளும் வாதம் செய்துகொண்டிருந்தார்கள். குரல்கள் தூரமாகப் போயின. எங்கிருந்தோ ஒரு குளிர்ச்சி உள்ளங்கைக்கு வந்தது. வழவழவென்று, எடையோடு, லேசாகத் திரும்பும் ஒன்று. அது திரும்பத் திரும்ப நான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தேன். வெளிச்சம் குறைந்த அகலமான தண்ணீர், எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியவில்லை, அவசரமும் இல்லை. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது.

கண்ணைத் திறந்தபோது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வலிக்குது?" என்றார் இவர் மெதுவாக.

தேடிப் பார்த்தேன். விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள். "எங்கயும் இல்ல."

"அது உன் இடது கை."

குனிந்து பார்த்தேன். இடது கைதான். பெரிய உருண்டையின் மேல் சொந்த வீட்டில் படுத்திருப்பதுபோல் படுத்திருந்தது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இந்தக் கை இதுவரைக்கும் ஒரு குட்டைகூட வரைஞ்சதில்லங்க."

"அதுக்கு வலிக்கலையே," என்றார். கடைக்காரர் அதைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

இடது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. வலது கைக்கு ஆறு எங்கே திரும்பும் என்று ஆறு திரும்பும் முன்பே தெரியும். இது ஒவ்வொரு அடிக்கும் நின்றது. கரை எது, நிழல் எது என்று பார்த்து, பிறகுதான் புள்ளி வைத்தது. ஒன்பது நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன். என் கரையோர நடை போன இடம் தெரியவில்லை. கால் தானாகப் போகவில்லை. இந்தக் கை போகவிடவில்லை.

சோதனை நாள். ஸ்கேல் மேடம் என் மூன்றாம் வருட ஆறு ஒன்றிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்தார். அதே பழைய புகைப்படம். நான் அப்போது வரைந்த கோட்டை மறைத்திருந்தார். ஒன்பது மணிக்குத் தொடங்கினேன். வலது கை மடியில் சும்மா கிடந்தது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் புள்ளி விழுந்தது. வலியில்லை. எழுந்து கையை உதறிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

மேடம் என் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய கோட்டைச் சிவப்பிலும் புதியதை நீலத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார். மேலிருந்து கீழே மெதுவாக வந்தார். குறித்துக்கொண்டே வந்தார்.

"ஏழு இடத்துல விலகியிருக்கு," என்றார். "மூணு வரைக்கும்தான் விடலாம்."

அவர் குரலில் சந்தோஷம் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். நான் திரையைப் பார்த்தேன். ஏழு இடத்திலும் கை நின்று பார்த்தது எனக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு புள்ளியும் நினைவிருந்தது.

"மேடம், அந்த முதல் இடத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்களேன்."

பெரிதாக்கினார். கரை ஒரு நகக்கண் அளவுக்கு உள்வாங்கியிருந்தது. நீலக்கோடு அதற்குள் போய்விட்டு வந்தது. சிவப்புக்கோடு அதைத் தாண்டி நேராகப் போயிருந்தது. இரண்டாவதில் ஒரு வளைவு. சிவப்பு அதைச் சீவி வழவழப்பாக்கியிருந்தது. மூன்றாவதும் அப்படி. ஐந்தாவதற்கு மேல் மேடம் எண்ணவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"சிவப்பு யாரு வரைஞ்சது?" அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"நான்தான்."

மூன்றாவது வருடத்திலேயே இப்படி என்றால் பிறகு எப்படியிருக்கும்? கை பழகப் பழக நான் ஆற்றைப் பார்ப்பதை விட்டிருக்கிறேன். கரையில் நடக்கிறேன் என்று நினைத்த நாளெல்லாம் நடந்தது வேறு எங்கோ. என் கனவில் ஓடிய ஆற்றைத்தான் வரைந்து வரைந்து கொடுத்திருக்கிறேன். அதை நம்பி யாரெல்லாம் எதையெல்லாம் கட்டினார்களோ. வெட்கத்தில் காது சுட்டது.

"இந்தச் சோதனையில நீங்க தேறிட்டீங்க," என்றார் மேடம். "ஆத்துப் பிரிவுலயே இருங்க." திரையிலிருந்த சிவப்புக்கோட்டைத் தொட்டுக் காட்டினார். "ஆனா மத்த ஆறெல்லாம்?"

பதினான்கு வருடத்தில் நூற்றுப் பதினேழு ஆறு. இடது கையின் வேகத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் ஓய்வு பெறும் நாளைத் தாண்டியும் மிச்சமிருக்கும்.

"திரும்ப வரையறேன் மேடம். முதல்லேர்ந்து."

அழுகை வந்துவிட்டது. ஆறு என் கையை விட்டுப் போகவில்லை என்பதற்காகவும், இத்தனை வருடம் அது என் கையில் இல்லவே இல்லை என்பதற்காகவும். மேடம் என்னைப் பார்க்காமல் முதல் வருடத்துப் படத்தைத் திறந்து, சிவப்புக்கோட்டை அழித்துவிட்டு, நாற்காலியை எனக்கு விட்டு எழுந்தார்.