அப்பாவின் ரம்பத்தில் கட்டிய ரப்பர்

அப்பாவின் ரம்பம் என் முன்னால் தரையில் இருக்கிறது. பக்கத்தில் சைக்கிள் டியூபில் வெட்டியெடுத்த ரப்பர்த் துண்டு ஒன்றும் பாதி பிளேடும். அடுத்த அறையில் அப்பா படுத்துவிட்டார், ஆனால் குறட்டை இன்னும் வரவில்லை. அம்மா குமாசி நகரத்தில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். அவள் இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். நேற்றும் இதே ரம்பம், இதே பிளேடுதான்.

என் அப்பா அஜேய் மரம் அறுப்பவர். எங்கள் ஊர் கோவாசோ பக்கம் காற்றில் எந்த மரம் விழுந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். அவருடைய அக்கா டூஃபி அத்தை, லாரி நிலையத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் சங்கிலி ரம்பங்களை ரிப்பேர் செய்கிறாள். காட்டு வேலைக்குப் போகிற பெரிய ரம்பம், கோக்கோ தோட்டத்துக் கிளை வெட்டும் சின்ன ரம்பம், சந்தையில் மலிவாக வாங்கி மறுவாரமே மூச்சு நின்றுபோன ரம்பம், எல்லாம் அவள் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். உருண்டை அரத்தால் சங்கிலியின் பற்களைத் தீட்டுவது என் வேலை. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போட வேண்டும். ஒரு பக்கம் கூடிவிட்டால் ரம்பம் கோணலாக அறுக்கும்.

எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது கிளட்ச் கழற்றுவதுதான். அத்தை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவாள். அந்த ஓட்டை வழியாகப் பழைய ஸ்டார்ட்டர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திணிப்பாள். பிஸ்டன் அதில் முட்டி நின்றுவிடும். பிறகு ஸ்பேனரைப் போட்டு, மற்ற நட்டுகளை இறுக்குகிற பக்கமாகத் திருப்புவாள். அது கழன்று வரும்.

"இந்த மிஷின்லயே இது ஒண்ணுதான் உங்கப்பன் மாதிரி. கழட்டணும்னா இறுக்குற பக்கம் திருப்பணும்" என்பாள்.

அவர்கள் இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை, பிரேக்கைப் பற்றி.

ரம்பத்தின் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். ரம்பம் துள்ளி முகத்துக்கு வந்தால் மணிக்கட்டு அந்தத் தடுப்பில் மோதும். தடுப்பு முன்னே சாயும், பிரேக் பிடிக்கும், சங்கிலி அந்த நொடியே நின்றுவிடும். எங்கள் ஊர் ஆட்களுக்கு அந்தத் தடுப்பைக் கண்டாலே ஆகாது. தொட்டதற்கெல்லாம் வேலை நிற்கிறது என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். அப்பா கழற்றவில்லை, கட்டிப்போட்டார். போன மழைக்காலத்தில் பிரேக் அரைகுறையாகப் பிடித்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. அப்படியே அழுத்தி அறுத்திருக்கிறார். கிளட்ச் பழுக்கக் காய்ந்து, ஆயில் பம்ப் உருகி, ஒரே புகை. கூட இருந்தவர்கள் விடுவார்களா? இரவுக் கடையில் குச்சியில் குத்திச் சுடுகிற கறியின் பெயரையே அவருக்கு வைத்துவிட்டார்கள். அப்பா தெருவில் நடந்தால் போதும், "சிச்சிங்கா வாசம் வருதே! அஜேய், எனக்கு ரெண்டு குச்சி!" என்று யாராவது கத்துவார்கள்.

அன்றைக்கே அப்பா சைக்கிள் டியூபை வெட்டி, தடுப்பைக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். ரம்பம் அத்தையிடம் வரும்போதெல்லாம் அத்தை முதலில் அந்த ரப்பரைத்தான் வெட்டுவாள். அப்பா வீட்டுக்கு வந்து புதிதாகக் கட்டுவார்.

"டேய் அஜேய், மிஷினுக்கு எதுக்குடா கட்டு? விழுந்து அடிபட்டுடுச்சா?"

"அக்கா, நீ கார்புரேட்டரை மட்டும் பாரு."

"இப்படிக் கட்டிப்போட்டா பிரேக் எப்படிடா வேலை செய்யும்?"

"வேலை செய்யக்கூடாதுன்னுதானே கட்டியிருக்கேன்!"

"உன் வாயை இப்படிக் கட்டியிருந்தா அம்மா நிம்மதியா இருந்திருப்பா."

"உன் வாய்க்கு டியூப் பத்தாது அக்கா. லாரி டயர் வேணும்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஜூன் மாதம் வரைக்கும்.

ஜூனில் ஒரு ரம்பம் வந்தது. யாருடையது என்று அத்தை சொல்லவில்லை. தடுப்பு இல்லாத ரம்பம். சங்கிலியைப் பெட்ரோலில் கழுவு என்று என்னிடம் தர வந்தவள், என்ன நினைத்தாளோ, தானே கழுவினாள். ஆனாலும் நான் பார்த்துவிட்டேன். பற்களுக்கு நடுவே நீலக் கட்டம் போட்ட சட்டைத்துணி சிக்கியிருந்தது. அந்த ஆள் பிழைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்க்கிறேன். ஒரு பக்கக் கன்னம் மட்டும்தான் சிரிக்கும்.

அப்பாவிடமும் நீலக் கட்டம் போட்ட சட்டை உண்டு.

நேற்று சாயங்காலம் அப்பா ரம்பத்தோடு வந்தார். தோட்டத்துப் பாதையில் ஒரு பெரிய வாவா மரம் விழுந்து கிடக்கிறதாம், கோக்கோ மூட்டை ஏற்றப் போன லாரி அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டதாம்.

"பிராகோ, சங்கிலியைத் தீட்டி வை. உன் அத்தை டியூபை மறுபடியும் வெட்டிட்டா. புதுசா நல்லா இறுக்கிக் கட்டு. விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும்."

"அப்பா, கட்டாமலே போனா என்ன?"

"போனா அசமோவா சிச்சிங்கான்னு எனக்கு மிளகாப்பொடி தூவுவான். கட்டுடா செல்லம்."

அசமோவா அப்பாவோடு பெட்ரோல் கேனும் ஆப்பும் தூக்கிக்கொண்டு போகிறவர். ஊரில் பாதிப் பட்டப்பெயர் அவர் வைத்ததுதான்.

கட்டினேன். ஆனால் கட்டுவதற்கு முன்னால் ரப்பரின் உள்பக்கத்தில் பிளேடால் கீறிவிட்டேன். வெளியே தெரியாது. தடுப்பில் கை வேகமாக மோதினால் அறுந்துபோக வேண்டும், சும்மா ஓட்டும்போது நிற்க வேண்டும். எவ்வளவு ஆழம்? தெரியாது. குத்துமதிப்பாகத்தான் வெட்டினேன். மேலே கிரீஸும் மரத்தூளும் தேய்த்தேன். பிளேடு என் கட்டை விரலையும் கொஞ்சம் பதம் பார்த்தது.

படுத்த பிறகுதான் பயம் வந்தது. ரொம்ப ஆழமாக வெட்டியிருந்தால்? ரப்பர் தானாக அறுந்து, பிரேக் அரைகுறையாகப் பிடித்து, மறுபடியும் கிளட்ச் பற்றிக்கொண்டால்? பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். போதிய அளவு வெட்டாமல் விட்டிருந்தால்? அப்போது வெட்டினதும் வெட்டாததும் ஒன்றுதான். எழுந்து அவிழ்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். விழித்தபோது வாசலில் ரம்பம் இல்லை.

இன்று பள்ளிக்கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் ரம்பம் ஓடுவது கேட்டது. அது அவருடையதுதான், எனக்குத் தெரியும். மரத்தைத் தொடாதபோது லேசாகத் திக்கித் திக்கிப் பேசுகிற மாதிரி ஓடும். அத்தை அப்படித்தான் கார்புரேட்டரை வைப்பாள், இன்ஜின் சூடாகாமல் இருக்க. மரத்தைத் தொட்டதும் திக்கல் நின்று ஒரே சுருதியாகிவிடும். பெட்ரோல் ஊற்ற நிறுத்தினால் மெல்ல இறங்கி, ஒருமுறை உறுமி, அணையும்.

மிஸ் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது சத்தம் கீச்சென்று எகிறியது. எகிறின இடத்திலேயே தொண்டையைப் பிடித்த மாதிரி நின்றது. இறங்கவில்லை, உறுமவில்லை.

காத்திருந்தேன். மறுபடி வரவே இல்லை. மிஸ் என்னைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. நான் அதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டேன்.

சத்தம் நின்றதை அத்தையும் கேட்டிருக்கிறாள். நான் கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தாள், கையில் இருந்த பிளக் ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏறு" என்றாள். ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை என்று கேட்கவில்லை.

வழியெல்லாம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். நீலக் கட்டம் வேண்டாம், நீலக் கட்டம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் சட்டை. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். வெட்டுக்காயம் எதுவும் இல்லை.

"நெத்தியில என்னடா, ரெண்டாவது தலை முளைக்குதா? அதுலயாவது மூளை இருக்கா?" அத்தையின் குரல் உடைந்திருந்தது.

"சங்கிலி ஓடுற பார் இடிச்சுடுச்சு அக்கா. ஒண்ணுமில்ல."

அசமோவாதான் சொன்னார். "சகோதரி, நான் என் கண்ணால பார்த்தேன். அறுக்குற கிளைக்குப் பின்னாடி இன்னொரு கிளை ஒளிஞ்சிருந்துது. ரம்பத்தோட மூக்கு அதுல பட்டுதோ இல்லையோ, துள்ளி எழுந்து இவன் மூஞ்சிக்கு நேரா வந்துது. நான் கண்ணை இறுக்கி மூடிட்டேன்."

"கண்ணால பார்த்தேன்னு இப்பத்தானே சொன்னே?"

"மூடுற வரைக்கும் பார்த்தேன்! திறந்து பார்த்தா சங்கிலி நின்னுபோச்சு. வெறும் பார்தான் வந்து இவன் நெத்தியில டொக்குனு தட்டுச்சு, வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி. மறுபடி ஸ்டார்ட் பண்ணலாம்னு பார்த்தா இவன் கை உதறுது."

"யார் கை உதறுச்சு? உன் காலைப் பாருடா" என்றார் அப்பா.

அப்பா உள்ளங்கையில் இருந்த ரப்பர்த் துண்டை அத்தையிடம் நீட்டினார். "டியூப் அறுந்துடுச்சு. பழசு போல."

அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கால்வாசி மட்டும் பிய்ந்து கந்தலாக இருந்தது. மிச்சம் முழுக்க ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. பிறகு என் கையைப் பார்த்தாள். நான் கட்டை விரலை மடக்கிக்கொண்டேன்.

"வெயில்ல கிடந்தா ரப்பர் இப்படித்தான் வெடிக்கும்" என்று சொல்லி, அதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அவள் அதைப் பையில் போடுவதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். டியூப் புதியது என்று அவருக்குத் தெரியும். அவருடைய சைக்கிளின் டியூப்தான் அது.

திரும்பி வரும்போது அத்தை ரொம்ப மெதுவாக ஓட்டினாள்.

"விரலுக்கு மருந்து போட்டியா?"

"இல்ல அத்தை."

"போடு."

அவ்வளவுதான்.

சாயங்காலம் அப்பா வந்து, கிழங்கை இடித்துச் செய்கிற ஃபுஃபுவைச் சூப்போடு சாப்பிட்டார். அம்மா வைத்த சூப் மாதிரி இல்லை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பொய் சொன்னால் அப்பா திட்டுவார். ஆனால் ரம்பத்தில் கை வைத்துவிட்டு அதை மறைத்ததற்கு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. கை கழுவிவிட்டு வந்து ரம்பத்தை என் முன்னால் வைத்தார். சைக்கிள் டியூபில் இன்னொரு துண்டு வெட்டினார். அதன்மேல் அந்தப் பாதி பிளேடை வைத்தார். நான் அதைச் சோப்பு டப்பாவுக்கு அடியில் அல்லவா ஒளித்து வைத்திருந்தேன்!

"மரத்துல பாதிகூட முடியல. நாளைக்கும் அதேதான்" என்றார். "கட்டி வை."

"எப்படிப்பா?"

"நேத்து கட்டின மாதிரியே."

உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அதிலிருந்து இப்படியே உட்கார்ந்திருக்கிறேன். நேற்று எவ்வளவு ஆழம் வெட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. அப்பா நான் கணக்குப் பார்த்துச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் கணக்கே பார்க்கவில்லை. நேற்று அது சரியாக அமைந்துவிட்டது. நாளைக்கும் அப்படி அமையும் என்று என்ன நிச்சயம்? அவர் என்னை நம்பி நெற்றியைக் கொடுக்கிறார்.

ரப்பரைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன். பிளேடைச் சுவரோரம் தள்ளிவிட்டேன்.

ரப்பரைக் கைப்பிடியை மட்டும் சுற்றிக் கட்டினேன். தடுப்பைத் தொடவே இல்லை. இரண்டு சுற்று, மேலே பெரிய முடிச்சு, அசமோவாவின் கண்ணில் படுகிற மாதிரி. தடுப்பை முன்னே தள்ளிப் பார்த்தேன். டக்கென்று சாய்ந்து பிரேக் பிடித்தது. பின்னால் இழுத்தேன், முழுக்க விட்டது. கையுறை போட்டுக்கொண்டு சங்கிலியை இழுத்துப் பார்த்தேன், எங்கும் உரசாமல் ஓடியது. அரைகுறை இல்லை. மறுபடி தள்ளினேன். டக்.

"பிராகோ."

தூங்கவே இல்லை அவர்.

"என்னப்பா?"

"என்ன டக்கு டக்குன்னு சத்தம்? கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்ப்பா. ஆனா நேத்து மாதிரி இல்ல."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து வருகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் படுத்திருக்கிறார்.

"கட்டியிருக்கிறது பார்த்தா தெரியுமா?"

"தூரத்துல இருந்து பார்த்தா தெரியும்."



"அப்ப அசமோவாவைத் தூரமாவே நிக்கச் சொல்றேன்" என்றார் அப்பா. "விரலுக்கு மருந்து போட்டுட்டு லைட்டை அணை."