நாணல் கட்டு

தெரென்தியின் வலக்கை விரல்கள் விரியவே இல்லை. உஸ்தீனா வெந்நீரில் துணியை முக்கி முக்கி ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள். கோடரிக் காம்பைப் பிடித்த வாக்கிலேயே அவை மடங்கிக் கிடந்தன.

"விடு உஸ்தீனா," என்றாள் அவன் மனைவி லுக்கேரியா. "உசுரோட இருந்தப்பவே அந்த மனுஷன் பிடிச்சதை விட்டதில்ல. செத்தா மட்டும் விட்டுடப் போறாரா?"

பக்கத்து வீட்டுக்காரியான உஸ்தீனா செபக்கயிற்றை அந்த விரல்களுக்கு நடுவே செருகினாள். அளவெடுத்தது போல உட்கார்ந்துகொண்டது.

குளிர்காலத்தில் டான்யூப் ஆற்றின் கிளை வாய்க்கால்கள் எல்லாம் உறைந்துபோகும். ஊரில் மற்றவர்கள் படகைக் கரைக்கு இழுத்துவிட்டு அடுப்போரம் உட்காருவார்கள். தெரென்தியின் படகு மட்டும் தண்ணீரிலேயே கிடக்கும். விடிந்ததும் கோடரியோடு போய், படகைச் சுற்றிப் பனிக்கட்டியை வெட்டி அகழி எடுப்பான். அதில் நாணல் கட்டுகளை நெருக்கமாக நட்டுவைப்பான். பனி இறுகும்போது நாணலை நெரிக்கும், பலகையை விட்டுவிடும். மறுநாள் மறுபடி வெட்ட வேண்டும். நெஞ்சுவலி வந்த பிறகும் வெட்டினான். அங்கேதான் விழுந்து கிடந்தான்.

எல்லாம் மாமனார் செய்த வேலை. சாகும்போது படகைப் பெரியவன் தெரென்திக்கும், படகு ஏற்றும் சாய்கரையையும் அதை மேலே இழுக்கும் விஞ்ச் எந்திரத்தையும் சின்னவனுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அப்படியாவது பிள்ளைகள் ஒட்டி இருப்பார்கள் என்று கிழவர் நினைத்திருக்க வேண்டும். "அவனே வந்து கூப்பிடட்டும்" என்றான் அண்ணன். "அவரே வந்து கேக்கட்டும்" என்றான் தம்பி அனிசிம். சாய்கரை அடுத்த தோட்டத்தில்தான் இருந்தது. ஒரு குளிர்காலம் பொறுக்கமாட்டாமல் லுக்கேரியாவே கேட்கக் கிளம்பினாள். "போனா அப்படியே அங்கயே இருந்துக்க," என்றான் தெரென்தி. அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் அடக்கம் முடிந்து எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செத்தவன் பேரில் வைத்த, தேன் விட்ட கோதுமையை ஆளுக்கொரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டார்கள். சவப்பெட்டியின் பின்னால் தாடி நனைய அழுதுகொண்டு வந்த அனிசிம், மீன் சூப்பை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு பேச்சை எடுத்தான்.

"படகைப் பத்திக் கவலைப்படாதீங்க அண்ணி. நாளைக்குக் காலையில நானே வந்து எங்க கரையில ஏத்திடறேன். அரை மணி நேர வேலை."

"அரை மணி நேரமா?"

"விஞ்ச் இருக்கே. பனியைக் கொஞ்சம் உடைச்சுவிட்டா தானா ஏறிடும்."

"இத்தனை வருஷமும் அது அரை மணி நேர வேலைதானா தம்பி?"

அனிசிமின் காது மடல் சிவந்தது.

"அண்ணன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டேனா?"

"நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டாரா?"

சொல்லிவிட்டாளே தவிர, கூப்பிட்டிருந்தாலும் தெரென்தி போயிருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"முடிஞ்சதைப் பேசி என்ன ஆகப்போகுது? அது எங்கப்பா கையால செஞ்ச படகு. அண்ணனுக்கப்புறம் எனக்குத்தானே? ஒத்தைப் பொம்பளை நீங்க, வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? மூணு நாளா தாங்கின நாணல் இன்னைக்கு ஒரு ராத்திரியும் தாங்கும்."

"தாங்கும்," என்றாள் லுக்கேரியா.

உஸ்தீனா அடுப்பின் கதவைத் திறந்து பார்த்தாள். "எரிக்க ஒண்ணுமே இல்லடி. சூப்பு ஆறிப்போகுது."

"இரு, கொண்டாரேன்."

கதவுக்குப் பின்னால் இருந்த கோடரியை எடுத்துக்கொண்டு, சறுக்கு வண்டியை இழுத்தபடி தோட்டத்தின் வழியாக வாய்க்காலுக்கு இறங்கினாள். படகைச் சுற்றி நாணல் கட்டுகள் ஆள் உயரத்துக்கு நின்றன. ஒவ்வொன்றிலும் தெரென்தியின் இரட்டை முடிச்சு. அவள் சால்வையை ஒருநாளும் அவன் இத்தனை பத்திரமாக இழுத்துப் போர்த்திவிட்டதில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது. செத்தவன் மேலும் வந்தது, தின்றுகொண்டிருப்பவன் மேலும் வந்தது.

பழகாத கை. வெட்டு தாறுமாறாக விழுந்து பனிச்சில்லு முகத்தில் அடித்தது. ஒவ்வொரு கட்டாகப் பிடுங்கினாள். நனைந்த அடியை வெட்டி எறிந்துவிட்டு, காய்ந்த மேல்பாதியை வண்டியில் அடுக்கினாள். கடைசிக் கட்டும் வந்த பிறகு, படகின் பலகையை ஒட்டிக் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் மெல்லிய பனி ஆடை படிந்தது. இன்றைக்குப் பனி இறுகினால் நேராகப் பலகையைத்தான் நெரித்து உடைக்கும். அவள் வண்டிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

அடுப்பு குப்பென்று பிடித்துக்கொண்டது. சூப்பு மறுபடி கொதித்தது. அனிசிம் எழுந்துவந்து கைகளை நீட்டிக் குளிர்காய்ந்தான்.

"என்னா சூடு! நல்லா காஞ்ச நாணல். யார் அறுத்தது அண்ணி?"

"உங்க அண்ணன்தான். கட்டி வச்சிருந்தாரு."

"அண்ணன் கட்டுன்னா கட்டுதான்," என்று தலையாட்டிக்கொண்டே நாற்காலியை அடுப்புக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டை நீட்டினான்.

லுக்கேரியா அடியிலிருந்து மீன் துண்டாகப் பார்த்து மொண்டு, தட்டு நிறைய ஊற்றினாள்.