ரீக்கெல்ட் பார்த்த ஆட்டம்

மாஸ் ஆற்றின் மீது மேலைக்காற்று மழைமுகில்களைக் கலைத்துச் செல்ல, பாரந்தூக்கி எந்திரங்கள் ஓய்ந்து நின்ற ராட்டர்டாம் துறைமுகத்தைக் கடந்து, செம்மஞ்சள் உடை பூண்ட மாந்தர் அணியணியாய்க் கால்பந்தரங்கு நோக்கி ஆரவாரித்துச் சென்ற அந்தச் சனிக்கிழமை மாலையில், கறுப்பு மேலங்கி அணிந்த முதியவர் ஒருவர் மட்டும் கோயிலுக்குச் செல்பவர்போல் அடக்கமாக நடந்தார். உர்க் ஊரின் மீன்பிடிக் கலத்தலைவர் ரீக்கெல்ட் அவர். ஒல்லாந்து நாட்டு அணியின் தற்காப்பு ஆட்டக்காரனாய்ப் பல்லாண்டு பெயர் விளங்கிய லுப், அவருடைய மகன்.

அம்மகன் ஆடியதைத் தந்தை ஒருமுறையேனும் கண்டதில்லை என்றால், அன்பரே, நம்புவீரோ? கால்பந்துக் கழக ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். ஆண்டவன் நாளில் ஆட்டம் பார்ப்பதை உர்க் மக்கள் பெரும்பிழையாகக் கருதுவர். நாட்டு அணி வாரத்தின் இடைநாளில் ஆடும்போதோ, ரீக்கெல்ட் வடகடலில் வலை இழுத்துக்கொண்டிருப்பார். எதிரணியினர் காலிலிருந்து பந்தைக் கவர்வதில் வல்லவனாகி, புகழ்பெற்று, முழங்கால் தேய்ந்து, மாற்று ஆட்டக்காரர் இருக்கைக்கு ஒதுக்கப்பட்ட பின்னரே தந்தை கரையிலிருக்கும் இந்தச் சனிக்கிழமை ஆட்டம் லுப்புக்கு வாய்த்தது. இதுவே இறுதி என அவன் அறிவான். தந்தையின் கண்முன் சிறிது பொழுதேனும் ஆடிவிடவேண்டும் என்று அவன் நெஞ்சு ஏங்கியது.

தோற்காதிருந்தால் உலகக்கோப்பைக்குச் செல்லலாம் என்னும் நிலையில், இரு அணியும் சமமாய் நின்றபோது, தற்காப்பாளர் ஒருவர் கணுக்கால் பிசகி வீழ்ந்தார். பயிற்றுநர் வான் டாம் திரும்பினார்.

"லுப், எழுந்திரு. முட்டி எப்படி இருக்கு?"

லுப் எழுந்து கோட்டோரம் ஓடிப் பார்த்தான். திரும்புகையில் முழங்கால் மடங்கியது. மேலே பார்வையாளர் வரிசையில் தந்தை எழுந்து நின்று நோக்குவது கண்ணிற்பட்டது. 'நல்லா இருக்கு' என்றால் போதும், நெடுநாள் வேட்கை நிறைவேறிவிடும். அவன் தலையசைத்து மறுத்தான்.

"தாங்காது. யோஸ்ட்டை இறக்குங்க."

"யோவ், உங்கப்பா வந்திருக்காருய்யா! காலையிலேர்ந்து அதையே சொல்லி எங்க உசுர எடுத்தியே!"

"வந்திருக்காருதான். அதுக்காக எல்லாரையும் கவுத்துடலாமா?"

இளம் ஆட்டக்காரன் யோஸ்ட் இறங்கி, இறுதிவரை ஒரு பந்தும் வலைபுகாமல் காத்தான். அரங்கம் மகிழ்ந்து ஆர்ப்பரிக்க, லுப் துண்டால் முகம் மூடி அழுதான்.

வாயிலில் தந்தை காத்திருந்தார்.

"ஏன்டா, இத்தனை வருஷமா உக்காந்தேதான் சம்பாதிச்சியா?"

லுப் சிரிக்க முயன்றான். "ஒரு பொய் சொல்லியிருந்தா ஆடியிருப்பேம்ப்பா."

"தெரியும். கால் மடங்கினதையும் பாத்தேன், நீ தலையாட்டினதையும் பாத்தேன்," என்றவர் மகனின் தோளை இறுகப் பற்றினார்; ஞாயிறு பிறக்குமுன் ஊர் சேரவேண்டும் என்று விடைபெற்றார்.

லுப் அதன்பின் நாட்டு அணியின் செம்மஞ்சள் உடை அணியவே இல்லை. நடந்ததை அறிந்திருந்தும், "கடைசியா பாத்துட்டீங்களாமே, பையன் எப்படி ஆடினான்?" என்று உர்க் துறையில் வலை பிரிப்போர் சீண்டியபோது, வாழ்நாள் முழுதும் பொய்யை நஞ்சென ஒதுக்கிய அம்முதியவர், அவர்கள் முகத்தை நேரே நோக்கி, "நல்லா ஆடினான்" என்றார்.