சுவரிடம் கேட்ட கேள்வி

பிள்ளைப்பாக்கம் செங்கல் சூளையிலிருந்து டிராக்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட நால்வரில் மூவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்காமவளான சுகாந்தி மட்டும் அடிவயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். முந்திய நாள் தின்ற மீன் கெட்டது என்றார் மேஸ்திரி. மருத்துவர் நடேசன் நால்வருக்கும் ஒரே ஊசியை எழுதினார். அது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. வரப்போகும் ஆலைகளுக்காகச் சூளைகள் பெருகின. சூளைகளுக்காக ஒரிசாவிலிருந்து மனிதர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

செவிலி செல்வமேரிக்கு மனம் ஒப்பவில்லை. இவள் ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லையே! சுகாந்தி தன் தோளைத் தொட்டுத் தொட்டுக் காட்டி, ஒரிய மொழியில் எதையோ மன்றாடினாள்.

"செங்கல் சொமக்கிற தோளு வலிக்காம இன்னா பண்ணும்? எனக்குந்தான் இடுப்பு வலிக்குது, எவன் ஊசி போட்றான்?" என்றாள் ஆயா செங்கமலம்.

நடேசன் சட்டென்று திரும்பினார். "தோளா? வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் அங்கதான் வலிக்கும். நாள் தள்ளிப்போச்சான்னு கேளுங்க சிஸ்டர். மீன்தான்னா சலைன் ஏத்தாம நகர்த்தக் கூடாது. கரு குழாய்ல தங்கி வெடிச்சிருந்தா ஒரு நிமிஷம்கூட இங்க வெச்சிருக்கக் கூடாது, ஆப்பரேஷனுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

கணவன் செங்கல் லாரியோடு சென்னைக்குப் போயிருந்தான். உடன் வந்தவன் அவனுடைய அண்ணன் தனேஸ்வர். கொஞ்சம் தமிழ் அறிந்தவன்.

"அண்ணே, மாசமாசம் வர்றது நின்னுபோச்சான்னு கேளுங்க" என்றாள் செல்வமேரி.

தனேஸ்வர் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டான். "தம்பி பொண்டாட்டி. நான் பேசக் கூடாது. அவ மூஞ்சி நான் பாத்ததே இல்ல." அவன் குரல் கேட்டதும், அந்த வலியிலும், சுகாந்தி முந்தானையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள்.

அவனை நொந்து என்ன பயன்? அந்த மருத்துவமனையில் ஊசி போட ஆள் உண்டு. கட்டுக் கட்ட ஆள் உண்டு. பிணத்தைச் சுமக்கவும் சம்பளத்துக்கு ஆள் உண்டு. உயிரோடிருப்பவளின் சொல்லைச் சுமக்க ஒருவருமில்லை! அந்தப் பணியை, அவளிடம் பேசவே கூடாதவன் தலையில் கட்டினார்கள்.

செல்வமேரி இரு கைகளையும் தொட்டில்போல் ஆட்டிக் காட்டினாள். முந்தானைக்குள் தலை இல்லையென்று அசைந்தது.

"இல்லைங்கிறாளே" என்றார் நடேசன்.

"புள்ளையே இல்லைங்கிறாளா, வயித்துல இல்லைங்கிறாளா சார்?"

நடேசன் தனேஸ்வரைப் பார்த்தார்.

"யோவ், உசுரு போவுதுய்யா! இதுல இன்னாய்யா மரியாத?" செங்கமலம் கத்தினாள்.

தனேஸ்வர் நெற்றியைச் சுவரில் பதித்தான். தம்பி மனைவியிடம் தன் வாழ்நாளிலேயே முதன்முறையாக, அவர்கள் மொழியில், உரக்க ஒரு வாக்கியம் கேட்டான்.

முந்தானை அசையவில்லை. நடேசன் அவள் மணிக்கட்டில் விரல் வைத்தார், மீண்டும் வைத்தார், நாடி பிடிபடாமல் ஜீப்பைக் கொண்டுவரச் சொல்லி வாசலை நோக்கி ஓடினார்.

தனேஸ்வர் திரும்பவில்லை. அவள் கூச்சப்படுகிறாள் என்று எண்ணினான் போலும். சுவரிடம் அதே கேள்வியை இன்னும் மெல்ல, இன்னும் கனிவாகக் கேட்டுவிட்டுக் காத்து நின்றான். அவன் முதுகை நோக்கி நீண்ட செல்வமேரியின் கை பாதி வழியில் நின்றுவிட்டது.