சமையல்கட்டுக்கு ஏறாத தண்ணீர்

தளியில் 1984 ஐப்பசியிலேயே குளிர் இறங்கிவிட்டது. ஆரம்பப் பள்ளி ஆசிரியன் வியாகுலம் விடியும் முன்பே இரண்டு குடங்களோடு தெருக்கோடிக் கிணற்றுக்குப் போய் வந்துவிடுவான். இரண்டு வருடமாக அவன் ஒருவனுக்குத்தான் சமையல்.

அவன் மனைவி ராஜமேரி காரிமங்கலத்தில் தாய் வீட்டில் இருந்தாள். ஏழாம் மாதத்தில் அந்தக் கிணற்றுப் படியில் குடத்தோடு விழுந்தவள், ஓசூர் ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பறிகொடுத்தாள். அங்கிருந்தே அம்மாவோடு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. வியாகுலம் மூன்று முறை போய்ப் பார்த்தான். சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஊரில் தண்ணீர்த் தொட்டி கட்டி, வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். சமையல்கட்டில் குழாய் வந்துவிட்டால் ராஜமேரியும் வந்துவிடுவாள் என்று அவன் முடிவே கட்டிவிட்டான். தர்மபுரியிலிருந்து ஒரு பெரிய பிளம்பரை வரவழைத்தான். அவர் சுவரை உடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் பளபளவென்று குழாய் வைத்துவிட்டுப் போனார். திறந்தால் உஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"உள்ளூர் ஆளு இருக்கறப்ப கீழ தர்மபுரிக்கு எதுக்குப் போனீங்க? கிருஷ்ணப்பனைக் கூப்பிடுங்க" என்றார் டீக்கடைக்காரர்.

கிருஷ்ணப்பன் மறுநாள் காலை சைக்கிளில் வந்தார். ஐம்பது வயது, தலையில் மப்ளர், வாயில் பாதி கன்னடம் பாதி தமிழ். குழாயைத் தொடக்கூட இல்லை. தெருவாசலில் பைப்பைக் கழற்றி, உள்ளே தண்ணீர் தெரியும் ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டி, அதன் நுனியைச் சுவரோரம் மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டே போனார். டியூபுக்குள் ஏறி வந்த தண்ணீர் வாசற்படிக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது.

"பாருங்க சார். டேங்கு பள்ளத்துல, உங்க வூடு மேட்டுல. இதுக்கு மேல ஏறாது. சமையல்கட்டு இன்னும் மூணு அடி மேல."

"மோட்டார் வெச்சா?"

"தண்ணி வர்ற நேரத்துல கரண்டு இருக்காது. பேடா சார், வேணாம். பின்னாடி இறக்கத்துல குழாய் வெச்சுத் தரேன். ஜோரா வரும்."

"அங்கிருந்து தூக்கணுமே."

"அஞ்சே படி. யாரு தூக்குவாங்க, அம்மாவா?"

"அவங்க ஊர்ல இருக்காங்க. குழாய் வந்ததும் வந்துருவாங்க."

கிருஷ்ணப்பன் சமையல்கட்டை எட்டிப் பார்த்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவாத ஒரு சட்டி. பைப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். மத்தியானத்துக்குள் பின்பக்கப் படிகளுக்குக் கீழே குழாய் நின்றது. திறந்ததும் தண்ணீர் வாளியில் அறைந்து விழுந்த சத்தத்தைக் கேட்டு வியாகுலத்துக்குக் கண் கலங்கியது.

கிளம்பும்போது கிருஷ்ணப்பன் சொன்னார்: "அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க சார், அஞ்சு படி இருக்குதுன்னு. வந்து பாத்து மனசு ஒடையக் கூடாது."

சனிக்கிழமையே வியாகுலம் காரிமங்கலத்துக்குப் பஸ் ஏறினான். மாமியார் சாலம்மாள் மருமகனைக் கண்டதும் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். ராஜமேரி முற்றத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வூட்டுக்குக் குழாய் வந்துருச்சு ராஜி."

"அடுப்படிக்கா?"

வழியெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தான். "இல்ல. பின்னாடி, அஞ்சு படி கீழ. அதுக்கு மேல ஏறாதாம்."

"அப்ப தூக்கணும்."

"நான் தூக்கறேன். ரெண்டு வருசமா நாந்தான் தூக்கறேன்."

அவள் விரல்கள் நின்றன. "அன்னைக்குக் காலைல கேட்டனே. இடுப்பு வலிக்குது, ஒரு நட மட்டும் போய்ட்டு வாங்கன்னு."

"கேட்ட."

"என்னா சொன்னீங்க?"

"நோட்டு திருத்தணும்னு சொன்னேன்." "ஊரெல்லாம் படி வழுக்கிருச்சுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். உங்கம்மாகிட்ட, சர்ச்சு சாமியார்கிட்ட, எல்லார்கிட்டயும். வழுக்குன படியில உன்ன அனுப்புனது நான்னு யாருகிட்டயும் சொல்லல."

ராஜமேரி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அப்படி முகம் பார்த்து வெகுநாளாயிற்று.

"குழாய் போட்டேன்னு சொல்ல வந்தீங்களா, இதச் சொல்ல வந்தீங்களா?"

"குழாயத்தான் சொல்ல வந்தேன்."

அவள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவன் தொடப் பயந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வெயில் சுவரேறிப் போகும்வரை மீதிக் கடலைக்காயை அவனே உரித்தான். அன்றைக்கு அவள் கூட வரவில்லை. "கேவுரு அறுப்பு முடியட்டும், பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு நாள் நகர மறுத்தது. பள்ளிவிட்டதும் அவன் கால் தானாக பஸ் நிற்கும் இடத்துக்குப் போகும். ஓசூர் பஸ் வரும், சந்தைக் கூடைகள் இறங்கும், ஆட்கள் இறங்குவார்கள். கடைசி ஆள் இறங்கும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு நடப்பான். கார்த்திகை முடிந்தது. கடிதமும் இல்லை. இனி வரமாட்டாள் என்று சில நாள் தன்னையே அதட்டிப் பார்த்தான். மறுநாள் மறுபடியும் போய் நின்றான்.

கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருந்தபோது, ஒரு புதன்கிழமை சாயங்காலம், ராஜமேரி இறங்கினாள். கையில் ஒரு தகரப் பெட்டி. பனியில் மூக்கு சிவந்திருந்தது. அவன் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினான்.

"டீ குடிக்கறியா? வூட்டுக்குப் போலாமா?"

அவள் தலையசைத்து மறுத்தாள். "புள்ளைய எங்க வெச்சீங்கன்னு எனக்கு யாருமே காட்டல. மொதல்ல அங்க கூட்டிட்டுப் போங்க."

கல்லறைத் தோட்டம் மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்தது. வேலி ஓரத்தில், பெயரில்லாத ஒரு சின்ன மண்மேடு. அதன் மேல் புல் இல்லை. வாராவாரம் அவன் பிடுங்கிவிடுவான். ராஜமேரி குனிந்து ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். பனி இறங்கி வேலி மறைந்துகொண்டிருந்தது. வியாகுலம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் மண்டியிட்டான்.