வாசல் வெளிச்சம்

சந்தேகம் வந்த எந்தத் துணிக்கும் பெருமாள்சாமி மேசையில் வைத்துப் பார்த்து முடிவு சொன்னதில்லை. பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளும், எழுந்து வடக்கு வாசலுக்குப் போய், வெயில் விழாத பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டே திரும்புவார். கத்தரிக்காய் வாங்கினாலும் அப்படித்தான்.

இன்று காலை அவரையே வாசலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். விடியலில் நெஞ்சு நின்றுவிட்டது. ராயபுரத்து லைன் வீட்டுக்கு முன்னால் சிவப்புச் சாமியானா கட்டி, பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தாயி, தொடைக்க ஒரு துணி கொண்டா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள் ஒச்சாயி. அவரோடு ஒரே மேசையில் செக்கிங் பார்த்தவள்.

மகள் நாகஜோதி ஜன்னலில்லாத அந்த ஒற்றை அறையில் நின்றாள். நேற்று கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டுகள் அப்படியே இருந்தன. அலமாரியில் அப்பாவின் சட்டைகளுக்கு அடியில் மெரூன் டி-சர்ட் ஒன்று மடித்துக் கிடந்தது. காலரில் மஞ்சள் அம்பு ஸ்டிக்கர். குறையுள்ள இடத்தைக் காட்ட ஒட்டுவது. விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை எதுவும் தெரியவில்லை.

அந்த விளக்கு கம்பெனியில் மாட்டியது போக மிஞ்சியது. அங்கே தரம் பார்க்கும் பொறுப்பு அவளுடையது. சென்ற மாதம் புது எல்.இ.டி. விளக்குகளை மாட்டச் செய்தவளும் அவளே. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை மேசைதோறும் வைத்துப் பார்த்தாள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்ட ஆயிரம் லக்ஸைத் தாண்டியே காட்டியது. இனி யாரும் வாசலுக்கு எழுந்து போகக்கூடாது என்று அறிவிப்பும் ஒட்டினாள்.

பெருமாள்சாமி மட்டும் போனார். காலரும் உடம்பும் வேறு நிறம் என்று ஒரு மெரூன் லாட்டையே, அந்தச் சரக்கு முழுவதையும், ஒதுக்கினார்.

"வாசலுக்கு ஒரு எட்டு வந்து பாரு தாயி."

அவள் போகவில்லை. நாற்பது பேருக்கு முன்னால் மீட்டரை நீட்டினாள். "லைட்டுல கொறையில்லப்பா. ஒங்க கண்ணுதான் போச்சு. நாளையிலருந்து பேக்கிங்ல பெட்டி மடிங்க."

அன்றிரவு சாப்பிடும்போது அவர் ஒரு கதை சொன்னார். "ஒரு காட்டுல மின்மினிய நீதிபதியா வச்சாங்களாம். கிளியும் காக்காயும் ஒரே நெறமின்னு தீர்ப்புச் சொல்லிருச்சாம். பொய் சொல்லல, பாவம். அதோட வெளிச்சத்துக்கு அப்பிடித்தான் தெரிஞ்சிருக்கு."

"அதுக்கு?"

"கதை அம்புட்டுத்தான்" என்று கை கழுவப் போனார். பிறகு பன்னிரண்டு நாட்கள் இருவரும் ஒரே அறையில் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

நாகஜோதி டி-சர்ட்டோடு படி இறங்கினாள். வாசலுக்கும் சாமியானாவுக்கும் நடுவே இரண்டடி திறந்த வானம். அங்கே அவள் கால் நின்றது. டி-சர்ட்டின் உடம்பு செங்கல் நிறம். காலர் கத்தரிக்காய் நிறம்.

"என்ன தாயி நின்னுட்ட?"

ஒச்சாயி எழுந்து வந்து பார்த்தாள். "அட மனுசா! இதத்தான் அன்னிக்குத் தூக்கித் தூக்கிக் காமிச்சியா" என்றாள், பெஞ்சைப் பார்த்து.

கூட்டத்தில் கம்பெனி மேனேஜர் சுரேந்தர் நின்றிருந்தார். செக்கிங் ஆட்களும் வந்திருந்தார்கள்.

"சார், மெரூன் லாட்டு குடோன்லதான இருக்கு? அனுப்பாதீங்க" என்றாள் நாகஜோதி.

"இப்ப எதுக்குங்க அம்மிணி அதெல்லாம்? அப்பறமாப் பேசிக்கலாமுங்க."

"இப்பத்தான் சார் சொல்லணும். அவரு இன்னும் இங்கதான இருக்காரு." அவள் குரலை உயர்த்தினாள். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேன். இதையும் எல்லாரும் கேட்டுக்கங்க. அப்பா கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. நான் மாட்டுன லைட்டுதான் சரியில்ல. வெளிச்சம் எவ்வளவுன்னு மீட்டர் சொல்லும், எப்பேர்ப்பட்டதுன்னு சொல்லாது. அந்த நோட்டீச நானே கிழிச்சிர்றேன். செக்கிங் மேசை வடக்கு வாசலுக்குப் போகட்டும்."

சுரேந்தர் டி-சர்ட்டை வாங்கி, அந்த இரண்டடி வெளிச்சத்துக்கு நகர்ந்து, வெகுநேரம் பார்த்தார்.

நாகஜோதி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சாமியானாவின் சிவப்பு அதில் ஏறிக் கிடந்தது.

"வடக்குப் பக்கம் கயித்த அவுத்து விடுங்க."

"வெயிலடிக்குமே, தாயி."

"அந்தப் பக்கம் அடிக்காது."

சாமியானாத் துணியை மடித்து ஒதுக்கினார்கள். அவர் முகம் அதன் நிறத்துக்குத் திரும்பியது. ஒச்சாயி தன் துண்டாலேயே துடைத்தாள். நாகஜோதியின் விரலில், காலரிலிருந்து உரிந்து வந்த மஞ்சள் அம்பு ஒட்டியிருந்தது.