ரெண்டாம் நம்பர் கால்

மனித குலத்தைச் சர்க்கரை வியாதியின் கொடும்பிடியிலிருந்து விடுவிக்கும் மாபெரும் ஆராய்ச்சி, 1979ஆம் ஆண்டு திருவண்ணாமலையில், டாக்டர் சக்கரவர்த்தியின் நர்சிங் ஹோமில், எக்ஸ்ரே அறைக்கும் கக்கூசுக்கும் நடுவே இருந்த இடத்தில் தொடங்கியது. மனித குலத்தின் சார்பில் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

மெட்ராஸ் மாநாடு ஒன்றில் டாக்டர் கேட்டுவந்த சங்கதி அது. ஆறாத புண் உள்ள காலைப் பாலிதீன் பைக்குள் விட்டு, முழங்காலுக்குக் கீழே கட்டி, உள்ளே ஆக்சிஜனைச் செலுத்தினால் புண் ஆறுமாம். உண்மைதானா என்று பார்க்க ஒரு காலுக்கு ஆக்சிஜன், இன்னொரு காலுக்கு வெறுங்காற்று. எந்தக் காலுக்கு எது என்று கால்காரர்களுக்குத் தெரியக்கூடாது. அதனால் இரண்டு ரப்பர் குழாய்களும் ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் போய் மறைந்தன. அங்கே ஒரு சிலிண்டரும், நர்ஸ் ராஜம்மாளும், ராஜம்மாளின் கையில் ஒரு சைக்கிள் பம்ப்பும் இருந்தன.

"ஆராய்ச்சியில பேருக்கு இடமில்லை. ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர். அவ்வளவுதான்" என்று டாக்டர் உத்தரவு போட்டார்.

ஒண்ணாம் நம்பர், ஓய்வுபெற்ற டெபுடி தாசில்தார் கோதண்டராமன். ஆக்சிஜன் தமக்குத்தான் வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. தாலுகா முழுக்க ஜீப்பில் போன காலுக்கு யாராவது வெறுங்காற்றை அடிப்பார்களா? அவர் நினைத்தது என்னவோ சரிதான். ரெண்டாம் நம்பர், அடி அண்ணாமலையில் வேர்க்கடலை (அவள் பேச்சில் மல்லாட்டை) பயிரிடும் காசியம்மாள். இரண்டு நாற்காலிகளும் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. தினம் காலையில் இரண்டு மணி நேரம் இருவரும் ஒரு மருந்துக் கம்பெனி காலண்டரைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சாரு, உங்க பை உப்பிச்சா?"

"ம். ஏம்மா, உனக்கு?"

"உப்புது, எறங்குது, உப்புது, எறங்குது. பொம்பள மூச்சு வாங்குறா மாதிரியே கீது."

திரைக்குப் பின்னால் ராஜம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"மல்லாட்டைல கம்பளிப்புழு ஜாஸ்தியாப் போச்சு சாரு."

"வயல்ல விளக்கு வச்சு, அடியில தண்ணித் தட்டு வை. அந்துப்பூச்சி வந்து விழுந்துடும்."

"நீங்க மல்லாட்டை போட்டிருக்கீங்களா?"

"ரேடியோல சொன்னாங்க."

"அப்ப அந்த ரேடியோவைக் குடுங்க, வயல்ல வைக்கிறேன். புழு கேட்டுட்டு அதுவாப் போவட்டும்."

கோதண்டராமன் சிரித்தார். பழக்கம் விட்டுப்போனதால் அது இருமலாக வந்தது.

அவருக்கு நிலம் கிடையாது. வேளாண் நிகழ்ச்சியில் ஒருவர் கேள்வி கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார். வீட்டில் பேச்சுக்குரல் கேட்கும். அதற்காகத்தான் ரேடியோ. மனைவி இறந்துவிட்டாள். மகன் பிலாயிலிருந்து தீபாவளிக்கு எழுதுவான். மெஸ்காரன் கேரியரை வைத்துவிட்டுப் பழைய கேரியரை எடுத்துக்கொண்டு போவான், இரண்டுக்கும் வாயைத் திறக்கத் தேவையில்லை. அந்த இரண்டு மணி நேரத்தை விட்டால் அவரிடம் பேச ஊரில் ஆள் இல்லை.

முதலில் ஆறியது ரெண்டாம் நம்பர் கால். டாக்டருக்கு இது பிடிக்கவில்லை.

"வேற எதாவது மருந்து போட்டியா?"

"இல்லீங்க. தெனம் ரெண்டு மணி நேரம் உக்கார வச்சீங்களே. என் ஜென்மத்துல அவ்ளோ நேரம் உக்காந்ததே இல்ல" என்றவள், எழுந்து, "வரேன் சாரு. மல்லாட்டை புடுங்கனதும் எடுத்தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒண்ணாம் நம்பர் காலும் ஆறிக்கொண்டுதான் வந்தது. "இன்னும் ஒரே வாரம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார், பிரமுகர்கள் கூட்டத்தில் பேசுவதற்குத் தேதியும் வாங்கிவிட்டார். பம்ப்புக்கு வேலை இல்லாததால் ராஜம்மாள் பிரசவ வார்டுக்குப் போனாள். அறையில் கோதண்டராமனும் சிலிண்டரின் சீறலும் மிஞ்சினார்கள். ஒருநாள் அவர் காலண்டரைப் பார்த்து, "புழு போச்சா?" என்று கேட்டே விட்டார்.

அடி அண்ணாமலைக்குப் போய்ப் பார்க்கலாம். ஆனால் ஒரு டெபுடி தாசில்தார் ஒரு குடியானவப் பெண்ணைத் தேடிக்கொண்டு கிராமத்துக்குப் போவதா? ஊர் என்ன சொல்லும்? பௌர்ணமி வந்தது. கிரிவலப் பாதை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. கிரிவலம் போகிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கிரிவலத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை, வெறுங்கால். டாக்டருக்கும் ஒரே ஒரு நிபந்தனை, செருப்பில்லாமல் ஓர் அடி வைக்கக்கூடாது. கோதண்டராமன் விடியற்காலையில் டாக்டர் கொடுத்த மெத்து ரப்பர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, விபூதி இட்டுக்கொண்டு கிளம்பினார்.

அடி அண்ணாமலையில் நடையைக் குறைத்தார். ஒவ்வொரு வாசலாகப் பார்த்தார். முகத்தை நேராகப் பார்த்துப் பழக்கமில்லாததால் எல்லாப் பெண்களும் அவளைப் போலவே இருந்தார்கள். கடலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "தண்ணி வேணுமாங்க?" என்றாள். குரல் அவளுடையதல்ல. "வேணாம்மா" என்றார். ஊர் முடிந்துவிட்டது. கிரிவலத்தில் திரும்பி நடக்கிற வழக்கம் இல்லை. மீதி மலையையும் சுற்றி வந்தார்.

வீட்டுக் கூடத்தில் சிவப்பாக ஈரத்தடம் இருப்பதைப் பார்த்து யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தார். காலைத் தூக்கிப் பார்த்தபோதுதான் கருவேல முள் தெரிந்தது. உணர்ச்சி இல்லாத கால், வழியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய புண் பிளந்து பெரிதாகியிருந்தது. டாக்டர் கத்தினார்.

"எங்க சார் போனீங்க?"

"கிரிவலம்."

டாக்டர் கத்துவதை நிறுத்தி, மலை இருந்த திசையில் கும்பிட்டார். சுவாமி காரியத்தை ஆராய்ச்சிக் கணக்கில் எழுதுவது மரியாதையாகாது என்று எழுதாமல் விட்டார். குறித்த தேதியில் பிரமுகர்கள் நடுவே எழுந்து, ஆக்சிஜன் பயனற்றது என்று ஒண்ணேகால் மணி நேரம் முழங்கினார். சிலிண்டர் திரும்பிப் போனது.

கட்டு மாற்ற வந்த ராஜம்மாள் கேட்டாள்: "அடி அண்ணாமலை வழியாத்தானே போனீங்க? அந்தம்மா வூடு எதுன்னு விசாரிச்சிருக்கலாமே சார். சின்ன ஊரு, யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்க."

கோதண்டராமன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அவள் பெயர் தெரியாது.